ஹாலோரன் எழுதிய ‘யெஸ்’

ஜூன் 3, செவ்வாய்

0610 எழும்பினேன். 4 பாகை. மழை இல்லை. கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி. வெந்நீர் ஊற்றாதேங்கோ என்று புவனா பின்னால் நின்று சத்தம். ஊற்றவில்லை. நூலகக் கார்டால் சுரண்டினேன்.

இன்று:
பிரஷர் குளிசை எடுக்க.
குசினிக் குழாய் (மூன்றாவது வாரமாக இதையே எழுதுகிறேன்).
ஹாலோரன், மூன்றாம் புத்தகம், கடைசிப் புரூஃப். மற்ற ஆறும் முடிந்தது.
சங்கத்து மார்கரெட்டுக்கு என்னைப் பற்றி நாலு வரி.

அந்த நாலு வரிதான் பெரிய கரைச்சல். 21ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் பகுதிச் சந்து ஒன்றுக்கு ஹாலோரன் பெயரில் பலகை திறப்பு. பிறகு மண்டபத்தில் கையேடு வெளியீடு, என் பேச்சு. அறிமுகத்துக்கு எழுதித் தரச் சொல்கிறார். எழுதிப் பார்த்தது:

“குலநாதன். வயது 67. ஊரில் இருபத்திரண்டு வருடம் பொலிஸ், சார்ஜன்டாக விலகினார். மெல்பனில் தொழிற்சாலைக் காவல், இப்போது ஓய்வு. அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து இந்தக் காலனியில் பொலிஸ்காரராக வாழ்ந்து முடித்த டெனிஸ் ஹாலோரனின் ஏழு குறிப்புப் புத்தகங்களையும் எங்கள் வரலாற்றுச் சங்கத்துக்காக மூன்று வருடமாக எழுத்து எழுத்தாக வாசித்து கொம்பியூட்டரில் ஏற்றியவர்.”

புவனா வாசித்துவிட்டு, “உங்களைப் பற்றிக் கொஞ்சம், உங்கட ஐரிஷ் மச்சானைப் பற்றி மிச்சம்” என்று சிரிப்பு.

மச்சான்தான். அதில் என்ன. இரண்டாம் புத்தகத்தில், தங்கம் தோண்டுகிற இடத்துக்கு லைசென்ஸ் பார்க்கப் போகிறார். கூடாரங்களிலிருந்து “ஜோ! ஜோ!” என்று கூச்சல். பொலிஸ் வருகிறது, ஓடுங்கள் என்று அர்த்தம். அவருடைய ஊர்க்காரர்களே அவருடைய மொழியிலேயே துரோகி என்று கூப்பிட்டுக் காறித் துப்புகிறார்கள். ஹாலோரன் எழுதியது இவ்வளவுதான்: பதில் சொல்லவில்லை, தொப்பியைத் துடைத்தேன்.

அந்த வரியை வாசித்த அன்று சங்கத்து மேசையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் வந்த புதிதில் டண்டினொங்கில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் ஒருவர் இன்னொருவருக்கு: “உவர் அங்க பொலிஸில இருந்தவர். துரோகி.” நான் திரும்பவில்லை. பாயாசம் எடுத்துக்கொண்டு நடந்தேன். துடைக்கத் தொப்பி இல்லை.

குளிசை எடுத்தாயிற்று. குழாய் இல்லை.

ஜூன் 5, வியாழன்

தூறல். 1400 மார்கரெட் வீடு.

மார்கரெட், டெனிஸ் ஹாலோரனுடைய பேத்தியின் பேத்தி. வயது 71. சங்கத்துச் செயலாளர். புத்தகங்கள் ஏழும் அவருடைய பெரிய தாயின் வீட்டுக்கு அடியில் பழைய தேயிலைப் பெட்டிக்குள் கிடந்தவை. பெட்டியில் ‘சிலோன்’ என்று என் நாட்டுப் பழைய பெயர். அதனால்தான் உங்களிடம் வந்து சேர்ந்தது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். இன்றும் சொன்னார்.

சங்கத்தில் வேறு எவராலும் அந்தக் கையெழுத்தை வாசிக்க முடியவில்லை. எனக்குத் தண்ணிபட்ட பாடு. கெட்டித்தனம் இல்லை, தொழில். எங்கள் பொலிஸையே ஐரிஷ் பொலிஸைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் அமைத்தான் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். அதே ஓரம் விடுதல். நிமிடத்தோடு நேரம் எழுதுதல். பிழை விட்டால் அழிக்கக் கூடாது. அடியில் உள்ளது தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் இனிஷியல். ஹா. (இனி ஹா., கை நோகிறது) இதில் ஒரு இடமும் தவறவிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நானும் இந்தக் கொப்பியில் அப்படித்தான். பார்க்க ஒருவரும் இல்லாவிட்டாலும்.

கையேட்டுக்கு அவருடைய வாழ்க்கைச் சுருக்கம் சரி பார்த்தோம். உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி. கப்பல், மூன்று மாதம். கான்ஸ்டபிள், கூடாரத்தில் படுக்கை. தங்க வயல். பிறகு நகரம்: குடிகாரர், கள்ளச் சாராயம், அலையும் ஆடுகள். சார்ஜன்ட். எங்கள் பகுதி ஸ்டேசனுக்குப் பொறுப்பு. பென்சன். கல்லறை. ஒரு மனுசன் ஒன்றரைப் பக்கம்.

திறப்பு விழாவில் இரண்டு வசனம் ஐரிஷில் சொல்ல வேண்டும் என்று மார்கரெட் ஃபோனில் அந்த மொழி படிக்கிறார். “நாதன், ஒரு வேடிக்கை தெரியுமா? ஐரிஷில் யெஸ்ஸும் இல்லை, நோவும் இல்லை. போனாயா என்று கேட்டால் போனேன் அல்லது போகவில்லை. கேட்ட வினையைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும்.”

யெஸ்ஸுக்கு எங்களிடம் ‘ஓம்’ இருந்தாலும் தமிழும் அரைவாசி அப்படித்தான் என்றேன். போனனியோ, போனனான் என்று சொல்லிக் காட்டினேன். அவரும் சொல்லிப் பார்த்தார். ‘போனனான்’ வாயில் சுழலவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு. ஸ்கோன் இரண்டு சாப்பிட்டேன். ஜாம் அவரே செய்தது.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “டெனிஸ் உங்களுக்கும் தாத்தாதான்” என்றார்.

வீடு வரும்வரை அதுவே காதில். நீ எங்கள் ஆள் என்று என்னிடம் ஒருவர் சொல்லி எத்தனை காலம்.

ஜூன் 7, சனி

வெயில், ஆனால் குளிர். டண்டினொங், சிவராசா கடை. புவனா உள்ளே, நான் காரில். வழக்கம் போல. பார்க்கிங்காரன் வந்து டிக்கட் வைத்துவிடுவான் என்று சொல்வேன். பதினொரு வருடமாக அதே சாட்டு.

25 நிமிடம். மல்லித்தூள், ஒடியல் மா, உறைந்த முருங்கைக்காய், கறிவேப்பிலை. கதவைச் சாத்த முதலே பு. தொடங்கிவிட்டாள்.

“அந்தக் கடைக்காரத் தம்பி ஒருநாளும் ஓம் எண்டு சொல்லாது, தெரியுமே? நீங்கள் உள்ள வந்தால்தானே தெரிய. சரி அக்கா, விளங்குது அக்கா, அப்பிடியே அக்கா. ஓம் மட்டும் வராது. இண்டைக்குக் கேட்டுட்டன்.”

“என்னவாம்?”

“சிரிச்சுக்கொண்டு சொல்லுது, ‘ஓம் எண்டு சொல்லித்தான் அக்கா நாலு வருசம் உள்ள கிடந்தனான்’ எண்டு. விசாரணையில அவங்கள் கேக்கக் கேக்க இது சும்மா ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்ததாம். செய்தது உண்மை எண்டு எழுதிப்போட்டாங்களாம். ஐயோ பாவம். என்ன சனங்களப்பா!”

காரை எடுத்தேன். சிக்னலில் பின்னால் ஹார்ன். பச்சை விழுந்தது எனக்குத் தெரியவில்லை. குழாய்க்கு வாஷர் வாங்க வேண்டும் என்று பேச்சை மாற்றினேன்.

இதை எழுத வேண்டும். இன்று முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

11 பாகை. பு. கோயிலுக்கு. காலை முழுக்கப் புரூஃப்.

மூன்றாம் புத்தகம், பக்கம் 61. குதிரைக் களவு. கைதியின் பெயர் கோனர். ‘எங்கள் பங்கைச் சேர்ந்தவன்’ என்று ஹா.வே எழுதியிருக்கிறார். ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். கோனருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. இன்ஸ்பெக்டர் கேட்க, ஹா. ஐரிஷில் கேட்டு, வந்த பதிலை ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஒன்றரை வருடத்துக்கு முன் நானே டைப் பண்ணிய பக்கம். அன்று வாசித்துக்கொண்டே போய்விட்டேன். இன்று கை நின்றது.

எழுதியிருப்பது: குதிரையை எடுத்தாயா என்றேன், யெஸ் என்றான். கூடாரத்துக்குப் பின்னால் கட்டினாயா என்றேன், யெஸ் என்றான். எல்லாவற்றுக்கும் யெஸ்.

எந்த யெஸ்?

அந்த மொழியில்தான் அப்படி ஒரு சொல்லே இல்லையே. எடுத்தேன் என்றிருக்க வேண்டும். அல்லது எடுக்கவில்லை என்றிருக்க வேண்டும். ஏதோ ஒரு வினையைச் சொல்லித்தான் இருப்பான். அது எங்கே?

ஸ்கான் படத்தைப் பெரிதாக்கினேன். முதல் யெஸ்ஸுக்கு அடியில் ஒரு வெட்டு, எழுதிவிட்டு அடித்த வரி. ‘தான் அன்று ஆற்றங்கரையில்’ என்ற அளவுக்கு வாசிக்கலாம். அதற்குமேல் முடியவில்லை. ஒற்றைக் கோடு இல்லை, நாலைந்து கோடு, பேனை முனை தாளைக் கிழித்திருக்கிறது. பக்கத்தில் இனிஷியல் இல்லை. மற்ற ஆறு புத்தகத்தையும் திறந்து ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை.

தொலைந்த ஆட்டுக்கு அரைப் பக்கம் எழுதுகிற மனுசன். கொம்பு எந்தப் பக்கம் வளைந்தது என்று கூட இருக்கும். சொந்த ஊர்க்காரனுக்கு ஒற்றைச் சொல். பொலிஸ்காரன் உண்மையை நீட்டித்தான் எழுதுவான். சுருக்கினால் சுருக்கத் தேவை இருந்தது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பக்கம் 63: கோனருக்கு ஆறு வருடம், காலில் விலங்கோடு ரோட்டுக்குக் கல் உடைக்க.
பக்கம் 66: ஹா.வுக்கு சார்ஜன்ட் பட்டி.

மூன்று வருடம் இவரை வீட்டு ஆள் போல மனதில் வைத்திருந்தேன். தொப்பியைத் துடைத்த வரியை எத்தனை தரம் எனக்கு நானே சொல்லியிருப்பேன். இவர்... இவன். இனி அவன்தான். ‘அவர்’ போட மனம் வரவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று பு.வுக்குச் சொன்னேன். இஞ்சித் தேத்தண்ணீர் வந்தது.

ஜூன் 9, திங்கள்

அரசர் பிறந்தநாள் விடுமுறை. அவர் பிறந்தது வேறு மாதம். இங்கே ஜூனில் கொண்டாட்டம். பதிவில் எதையும் எழுதலாம். மழை.

எழுதிவிடுகிறேன்.

ஊரில். முப்பத்தைந்து வருடத்துக்கு முன், சண்டைக் காலம். நான் கான்ஸ்டபிள். அந்த ஸ்டேசனில் தமிழ் தெரிந்தவர் இரண்டு பேர், மற்றவர் லீவில். கொண்டுவந்த பொடியனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பெயர் சிவராசா. இன்ஸ்பெக்டர் சிங்களவர், தமிழ் வராது. நடுவில் நான்.

கேள்வி நீளம். இன்ன ஆளைத் தெரியும்தானே, இன்ன இடத்துக்குப் போனாய்தானே, இன்ன சாமானை ஏற்றினாய்தானே. நான் துண்டு துண்டாகத் தமிழில் சொல்லச் சொல்ல அவன் “ஓம்... ஓம்...” எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வதுதான். ஃபோனில் யாரோடு கதைத்தாலும் ஓம். பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டாலும் ஓம். சொல்லுங்கோ, கேட்கிறேன் என்று மட்டும்தான் அர்த்தம். தமிழ்க் காதுக்கு அந்த ஓம் வேறு, உண்மை என்கிற ஓம் வேறு. குரலிலேயே தெரியும்.

இன்ஸ்பெக்டர் பேனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஒவ் என்கிறானா?” ஒவ் என்றால் சிங்களத்தில் ஆம்.

“ஒவ் சேர்” என்றேன்.

அவன் பதிலே சொல்லத் தொடங்கவில்லை. “இல்லை சேர், கேட்டுக்கொண்டிருக்கிறான்.” நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரேயொரு வசனம். சொல்லியிருந்தால் நீயும் அவனுடைய ஆள்தானே என்றிருப்பார். அந்தப் பயம். மகள் அப்போது புவனாவின் வயிற்றில். இதெல்லாம் சாட்டு. பிறகு அவன், “ஐயா, நான் அண்டைக்கு ஊரிலேயே இல்லை” என்று தொடங்கினான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. எழுதி முடிந்ததும், அவனுக்கு விளங்காத மொழியில் நாலு பக்கத்துக்கும் ஒப்பம் வாங்கியது நான். கீழே வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தினேன் என்று எழுதியதும் நான். வாசித்துக் காட்டவில்லை.

அடுத்த வருடம் எனக்கும் பட்டி.

பதினொரு வருடத்துக்கு முன் டண்டினொங்கில் புதுக்கடை என்று போன பு., பெயர், ஊர், ஜெயிலில் இருந்த கதை எல்லாம் விசாரித்து வந்து சொன்னாள். அன்றிலிருந்து நான் காரில்.

ஜூன் 10, செவ்வாய்

1030 மார்கரெட் வீடு. ஸ்கான் பிரிண்ட் கொண்டு போனேன். பக்கம் 61 ஐக் காட்டினேன். யெஸ் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஒரு வெட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்லலாமா, நாதன்? உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயம்?”

அதற்கு என்னிடம் இருந்தது ஒரே பதில். சொன்னேன். ஓம், ஒவ், ஒப்பம், பட்டி எல்லாம். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை வாய் திறந்தேன். மனைவிக்கே தெரியாது, உங்களோடு இருக்கட்டும் என்றேன்.

மார்கரெட் அழுதார். தோளில் கை வைத்தார். “என்னை நம்பிச் சொன்னீர்கள். இது இந்த மேசையைத் தாண்டாது.” இரண்டாம் தரமும் தேத்தண்ணீர் ஊற்றினார்.

திரும்பும்போது காரில் பாட்டுப் போட்டேன். நெஞ்சு லேசாக. வீட்டுக்கு வந்து குழாயும் திருத்தினேன். வாஷர்தான். பு.: “மழை வரப்போகுது.”

ஜூன் 12, வியாழன்

1630 மார்கரெட் ஃபோன். குரல் வேறு. அலுவலகக் குரல்.

கமிட்டியோடு யோசித்தாராம். கையேட்டில் பக்கம் 61 ஐ விட்டுவிடலாமாம். இடம் போதாதாம். ஆட்டுக்கு அரைப் பக்கம் இருக்கிறதே என்றேன். ஆடு குழந்தைகளுக்குப் பிடிக்குமாம்.

“பலகையில் டெனிஸ் பெயர் ஏறட்டும், நான் தடுக்கவில்லை” என்றேன். “கோனர் என்று ஒருவன் இருந்தான், ஏதோ சொல்ல வந்தான், எழுதப்படவில்லை. அந்த மண்டபத்தில் ஒருதரம் அவன் பெயரும் கேட்கட்டும். என் பேச்சில் சொல்வேன்.”

பிறகு: “நாதன், உங்கள் நாட்டுப் பொலிஸ் வேறு. இங்கே வேறு.”

டெனிஸ் உங்களுக்கும் தாத்தா என்றவர் இதே ஆள்தான். போன வியாழன். சரியாக ஒரு கிழமை.

பு.: “ஆரோட கதைச்சனீங்கள்? முகம் செத்துப்போச்சு.”
“சங்கம்.”
“உந்தச் சங்கத்துக்கு உழைச்ச உழைப்பை வீட்டுக்கு உழைச்சிருந்தால் குசினி எல்லாம் தங்கமாயிருக்கும்.”

ஜூன் 14, சனி

7 பாகை, காற்று.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஈமெயில். சிட்னியிலிருக்கிற மகள் போட்டுத் தந்தது. பு.வுக்கு ஐபேட், எனக்குக் கொம்பியூட்டர். மார்கரெட்டுக்கு இது தெரியாது. நானும் இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

0840 பு. ஐபேடோடு வந்தாள். “மார்கரெட் கமிட்டிக்கு எழுதியிருக்கிறா. எங்களுக்கும் வந்திருக்கு. பிழையாப் போட்டிட்டா போல. உங்களைப் பற்றி என்னமோ.”

ஒன்பது பேருக்கு. மூன்று வருடப் பழக்கத்தில் என் பெயரும் பட்டியலில் விழுந்திருக்கும். சாரம்: பக்கம் 61 பற்றி நாதன் சொல்வதை யாரும் பொருட்படுத்த வேண்டாம். அவர் தன் நாட்டில் பொலிஸில் இருந்தபோது தானே பொய் வாக்குமூலம் எழுதி ஒரு பையனைச் சிறைக்கு அனுப்பியவர். தன் வாயாலேயே என்னிடம் சொன்னார். அந்தப் பாரத்தை டெனிஸ் தலையில் வைக்கப் பார்க்கிறார், பாவம். பேச்சை என் மருமகன் செய்வான். கையேட்டில் நாதனுக்கு நன்றி போடலாம்: தட்டச்சு உதவி.

தட்டச்சு உதவி. மூன்று வருடம்.

அந்த ‘பாவம்’தான் இன்னும் சுடுகிறது. மேசையைத் தாண்டாது என்ற மனுசி. இனி மனுசிதான்.

பு. இங்கிலிஷ் மெதுவாகத்தான் வாசிப்பாள். முதியோர் இல்ல வேலையில் பழகிய இங்கிலிஷ். இரண்டாம் தரமும் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கதிரையில் இருந்தாள்.

“எந்தப் பொடியன்?”

ஐபேடை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

“இஞ்சேருங்கோ. எந்தப் பொடியன் எண்டு கேக்கிறன்.”

வெளியே குப்பை வாளி காற்றுக்கு விழுந்து உருண்டது. அவள் யன்னல் பக்கம் பார்த்தாள். கார் நிற்கிற பக்கம்.

“நீங்கள் காரில இருந்தது அதுக்கோ?”

“ஓம்” என்றேன்.

“பதினொரு வருசம்! நான் அந்தப் பிள்ளையோட சிரிச்சுச் சிரிச்சுச் சாமான் வாங்கினனான். போன கிழமை ஐயோ பாவம் எண்டன். என்ன சனங்கள் எண்டன். பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு வந்தனீங்கள். வாஷர் வாங்கோணும் எண்டு சொன்னனீங்கள்.”

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு:

“உந்த வெள்ளைக்கார மனுசிக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வந்தது. எனக்கு வரேல்ல.”

ஐபேடைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

சோறு மேசையில் மூடி வைத்திருந்தது. தேத்தண்ணீர் நானே.

மார்கரெட்டுக்கு மறுமொழி நாலு தரம் எழுதி அழித்தேன். கொம்பியூட்டரில் அழித்தால் இனிஷியல் தேவையில்லை, நல்ல வசதி. முதலாவதில் கெட்ட வார்த்தை. இரண்டாவதில் கெஞ்சல். மூன்றாவது நீளம். நாலாவது ஞாபகமில்லை. கடைசியில் பக்கம் 61 ஸ்கான் படத்தை ஒன்பது பேருக்கும் அனுப்பினேன். ஒரு வரி: இனிஷியல் இல்லாத வெட்டைக் கவனிக்கவும்.

இந்தக் கொப்பியின் முன் பக்கங்களைத் திருப்பி வாசித்தேன். ஹா. ஏமாற்றினான், அந்த மனுசி ஏமாற்றினாள் என்று ஒரே ஒப்பாரி. அதெல்லாம் உண்மை. கோபம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் பு. இப்படி ஒரு கொப்பி எழுதினால் அதில் முதல் ஆள் நான்.

ஜூன் 18, புதன்

மூடுபனி பத்து மணி வரை. கமிட்டியிலிருந்து ஒரேயொரு பதில்: “நன்றி நாதன். சனிக்கிழமை பார்க்கிங் எங்கே என்று யாருக்காவது தெரியுமா?”

கையேடு ஈமெயிலில் வந்தது. ஆடு இருக்கிறது. கோனர் இல்லை. என் பெயர் கடைசிப் பக்கத்தில், மண்டபத்துக்குக் கதிரை தந்தவருக்குக் கீழே.

மத்தியானம் பு. நாலு நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள். “மல்லித்தூள் முடிஞ்சுது.”

“வேற கடையில வாங்குவம்” என்றேன்.

“இல்லை. அந்தக் கடையில. நான் போகேல்ல. நீங்கள் போங்கோ.”

ஜூன் 21, சனி

0550. 3 பாகை. மூடுபனி. 1100க்குப் பலகை திறப்பு. 1050க்கு நான் டண்டினொங்கில்.

பேச்சுக்கென்று அயர்ன் பண்ணி வைத்த சேர்ட்தான் போட்டிருந்தேன். வேறு தோய்த்தது இல்லை. பு.வும் வந்தாள். கேட்கவில்லை, தானே ஏறினாள். கார்ப் பார்க்கில் நிறுத்தியதும் பெல்ட்டைக் கழற்றவில்லை.

“நான் காரில இருக்கிறன். பார்க்கிங்காரன் வருவான்.”

முதல் தடவை உள்ளே. அரிசி மூட்டை, கருவாட்டு மணம், ஊதுபத்தி. சிவராசா தராசடியில் கறிவேப்பிலையைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. நான் இருபத்திரண்டு வயதுப் பொடியனையே பார்க்க நினைத்துப் போயிருக்கிறேன் போல. கால் ஒருகணம் பின்னால் போனது.

“வாங்கோ அண்ணை, என்ன தேவை?”

“மல்லித்தூள்” என்றேன். பிறகு, “நான் புவனாவின்ர மனுசன்.”

“அட, காரில இருக்கிற அண்ணையே! பதினொரு வருசமா உங்கட பிடரியைத்தானே நான் பார்த்தது.” சிரித்தார். நல்ல சிரிப்பு.

அது நிற்க முதலே சொன்னேன். பிந்தினால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

“தம்பி, நான் அங்க பொலிஸில இருந்தனான். உங்கட வாக்குமூலத்துக்கு மொழிபெயர்த்தது நான்.”

கறிவேப்பிலைக் கட்டில் ரப்பர் பாண்ட் போட்ட கை நின்றது. ஒரு பெண் பால் போத்தலோடு வந்தார். அவரைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கண் என்னை விட்டு அசையவில்லை.

“நீங்கள் ஓம் எண்டது சும்மா கேட்டுக்கொண்டு இருந்த ஓம். எனக்கு அப்பவே தெரியும்.”

அவர் வாய் அசைந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

“ஓம்” என்றார்.

தராசு மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டவர். நான் ஒவ் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஓம்.”

“நீங்கள் அண்டைக்கு ஊரிலேயே இல்லை எண்டு சொன்னனீங்கள். அதை நான் அவருக்குச் சொல்லேல்ல.”

“ஓம்.”

“வாசிச்சுக் காட்டாமல் ஒப்பம் வாங்கினனான். வாசிச்சுக் காட்டினதெண்டு எழுதினனான். எனக்குப் பயம். ஆனால் பயத்தில செய்தாலும் செய்தது நான்தான். நாலு வருசம் போனது உங்களுக்கு.”

“ஓம்.”

அவர் ரப்பர் பாண்டை இழுத்துக் கட்டி முடித்தார். சுவர்த் தட்டிலிருந்து மல்லித்தூள் பைக்கற் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். எனக்குப் பின்னால் பார்த்து, “வாங்கோ தங்கச்சி, பாலோ?” என்றார். நான் பைக்கற்றை எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். அவர் கூப்பிடவில்லை.

காரில் பு. கேட்டாள், “சொன்னனீங்களோ?”

“சொன்னனான்.”

“என்னவாம்?”

“ஓம் எண்டவர்.”

பு. என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அந்தத் தம்பியோ? ஓம் எண்டதோ?” பிறகு மெதுவாக: “மன்னிச்சிட்டுதோ?”

மணி 1112. அங்கே பலகைத் துணியை இழுத்திருப்பார்கள். மார்கரெட்டின் மருமகன் நான் சரி பார்த்த ஒன்றரைப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருப்பான். வாசிக்கட்டும்.

பதிவு. 21 ஜூன், 1055 முதல் 1104 வரை. நான் சொன்னதை எல்லாம் சிவராசா ஏற்றுக்கொண்டார் என்று எழுதினேன். ‘ஏற்றுக்கொண்டார்’ பிழை. ஒற்றைக் கோட்டால் அடித்தேன். கு.நா.

கேட்டுக்கொண்டிருந்தார்.